பஸ் நேரத்தைப் பெட்டிக்கடையில் கேட்கிறோம்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

கூடுதல் பஸ் கேட்டோ, ஓட்டை வண்டிகளை மாற்றச் சொல்லியோ இதை எழுதவில்லை. அதையெல்லாம் கேட்கச் சட்டமன்றத்திலும் வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த வழியாகப் போகும், இன்றைக்கு வருமா வராதா என்பதை அதற்காகக் காத்து நிற்கிறவருக்குச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை.

சென்னையை விட்டு வெளியே வந்து, ஏதாவது ஓர் ஒன்றியத்தில், ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அடுத்த பஸ் எப்போது என்று தெரிய வேண்டுமானால் டீக்கடையில் கேட்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிக்கடை, பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு. தமிழ்நாட்டின் பயணிகள் தகவல் மையம் இவர்கள்தான். "ஏழேகால் வண்டி போயிருச்சாண்ணே?" என்று கேட்டால், "இன்னும் இல்லம்மா, எதிர் வண்டியே இப்பத்தான் போகுது" என்று பதில் வரும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். எந்த வண்டிக்குப் பின்னால் எந்த வண்டி என்பது அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் ஒரு பைசா கொடுக்காமல் உங்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள்.

கடை சாத்தியிருந்தால் என்ன செய்வது? வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர், காது கேளாதவர், மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளி யாரிடம் கேட்பார்? இரவு எட்டரை மணிக்குத் தனியாக நிற்கும் ஒரு பெண், முன்பின் தெரியாத ஆளிடம் போய்க் "கடைசி பஸ் போயிருச்சா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியிலேயே, தான் தனியாக மாட்டிக்கொண்டது அவனுக்குத் தெரிந்துவிடும். கம்பத்தில் நாலு வரி எழுதியிருந்தால் அவள் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

நேரமே கிடையாது, வண்டி வந்தால்தான் உண்டு என்றால் இந்த மடலுக்கே வேலையில்லை. ஆனால் நேரம் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து ஆணையம் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் நிமிடக் கணக்கில் நேரம் ஒப்புதல் கொடுக்கிறது. எவ்வளவு துல்லியமாக என்று பார்க்க வேண்டுமானால், தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் ஓடும் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்துக்குப் போனால் போதும். ரெண்டு நிமிஷம் தள்ளி எடுத்ததற்கு டிரைவரும் கண்டக்டரும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘டைமிங் தகராறு’ என்று அடுத்த நாள் பேப்பரில் வரும். ஊழியர்கள் அடித்துக்கொள்கிற அளவுக்குக் கறாரான நேரம் பயணிக்கு மட்டும் ரகசியம். டைம் கீப்பரின் நோட்டில் இருக்கிறது, கண்டக்டரின் டிரிப் ஷீட்டில் இருக்கிறது, கிளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நிறுத்தத்தில் இல்லை. போதாக்குறைக்கு, 2019 ஜனவரியிலிருந்து பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று விதி வந்தது. அப்படியானால் புது வண்டி எங்கே வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சட்டமும் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆவது பிரிவைப் பாருங்கள். பயணிகள் பேருந்துக்கு அனுமதி கொடுக்கும்போது விதிக்கக்கூடிய நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. ஒப்புதல் பெற்ற கால அட்டவணையின் நகலை வண்டியிலும், வழித்தடத்தில் குறிப்பிட்ட நிலையங்களிலும் நிறுத்தங்களிலும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 4ஆவது பிரிவின்படி, அரசு அமைப்புகள் யாரும் கேட்காமலே பல தகவல்களை வெளியிட வேண்டும். அதையும் உள்ளூர் மொழியில், அந்தப் பகுதி மக்களை எளிதாகச் சென்றடையும் முறையில் செய்ய வேண்டும். அறிவிப்புப் பலகையும் அதில் சேர்த்தி. 2005இல் வந்த சட்டம் அது. எத்தனையோ பேர் மனுப் போட்டுப் பஸ் நேரம் வாங்கி, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். பஸ் நேரத்துக்குப் பத்து ரூபாய் கட்டி மனுப் போட வேண்டியிருப்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிறகு ஏன் நடக்கவில்லை? எனக்குப் புரிந்த வரையில், இது யாருடைய வேலை என்றே தீர்மானமாகவில்லை. பேருந்து நிலையம் நகராட்சியுடையது அல்லது மாநகராட்சியுடையது. வண்டி உங்களுடையது. நேரத்துக்கு ஒப்புதல் கொடுப்பது போக்குவரத்து ஆணையம். சாலையோர நிழற்குடை நெடுஞ்சாலைத் துறை இடத்தில் நிற்கிறது. அதைக் கட்டியது யாரோ ஒரு மக்கள் பிரதிநிதியின் தொகுதி மேம்பாட்டு நிதி. பயணி மட்டும் எல்லோருக்கும் பொது, அதாவது யாருக்கும் இல்லை.

அந்த நிழற்குடைகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உறுப்பினர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டு நிதி, மதிப்பீடு எத்தனை லட்சம், திறந்து வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர் யார், எல்லாம் இருக்கும். நகைக்கடை விளம்பரமும் இருக்கும். நிறுத்தத்தின் பெயர் இருக்காது. நான் பார்த்த பலவற்றில் அந்த ஊர் எது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பின் போர்டைத்தான் படிக்க வேண்டியிருந்தது. தொகுதி நிதியில் கட்டும் எந்த நிழற்குடைக்கும் நிறுத்தத்தின் பெயரும் பஸ் நேரப் பலகையும் மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு அரசாணை போடுங்கள். உறுப்பினர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

இனி, பொறுப்பு யாருக்கு? கிளை மேலாளருக்குக் கொடுங்கள் என்பேன். தன் கிளையிலிருந்து கிளம்பும் வழித்தடங்களின் நிறுத்தங்களில் சரியான நேரம் எழுதியிருக்கிறதா என்பது டீசல் கணக்கு, வசூல் கணக்கு போல அவருடைய பொறுப்பில் ஒன்றாக வேண்டும். ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு கிளை வண்டிகளும் தனியார் வண்டிகளும் வந்தால், அதிக நடை ஓட்டும் கிளை எழுதட்டும். தனியார் நேரத்தையும் சேர்த்தே எழுதட்டும். தனியாருக்கு ஏன் விளம்பரம் என்று கேட்கக் கூடாது. நிற்கிறவருக்கு வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் ‘சென்னை பஸ்’ செயலி 2022இல் வந்தது. 2025 செப்டம்பரில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றையும் சேர்த்து ‘சென்னை ஒன்’ வந்தது. நல்ல வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரித் திட்டம் எப்போதுமே சென்னையில் தொடங்கி, கோவை, மதுரை என்று நகர்ந்து, அதற்கப்புறம் நின்றுவிடுகிறது. தேவை இருப்பதோ தலைகீழாக. சென்னையில் 29சி போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வரும், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு நாலு நடை மட்டும் வரும் கிராமத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அந்த அரை நாளும் போச்சு. நாலே நடைக்குச் செயலி எதற்கு? நாலு வரி போதும். தகரப் பலகையும் பெயின்ட்டும் போதும். செல்போனில் சார்ஜ் இல்லாதபோதும் அது தெரியும், பாட்டிக்குப் பேத்தி படித்துச் சொல்லலாம்.

மேலும் ஒன்று. வழியில் இருக்கும் நிறுத்தத்துக்கு நிமிடக் கணக்கில் நேரம் எழுத முடியாது, சந்தை நாளில் தாமதமாகும், மழை வந்தால் தாமதமாகும் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். நியாயம்தான். அப்படியானால் கிளம்பும் நேரத்தை எழுதி, ‘இங்கே வந்து சேரச் சுமார் 25 நிமிடம்’ என்று எழுதுங்கள். அடிக்கடி வரும் வழித்தடத்துக்கு ‘காலை 6 முதல் 9 வரை கால் மணிக்கு ஒன்று’ என்றால் போதும். முதல் பஸ், கடைசி பஸ் இரண்டுக்கு மட்டும் தெளிவான நேரம் வேண்டும். எழுதி வைத்துவிட்டு அந்த நேரத்துக்கு வராவிட்டால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் உங்களுக்கு உண்டு என்பது தெரியும். இப்போதும் சண்டைக்கு வருகிறார்கள். வித்தியாசம், இப்போது அதைக் கண்டக்டர் ஒருவரே வாங்கிக்கொள்கிறார்.

அடுத்ததாக வராத பஸ். இந்த மடலில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டிரைவர் வரவில்லை, வண்டி பணிமனையில் நிற்கிறது, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கு ஸ்பெஷல் அனுப்பியாகிவிட்டது, தீபாவளிக்குச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது, ஏதோ ஒரு மாநாட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டது. காரணம் எதுவானாலும் முதலில் வெட்டுப்படுவது கிராமத்து நடைதான். நூறு பேர் நிற்கும் வழித்தடத்தில் வண்டியை நிறுத்த முடியாது, இங்கே பத்துப் பேர்தானே என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில்கூட ஓரளவு நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் போகிறவர்கள், ஒருவர் டயாலிசிஸுக்குப் போகிறவர், மூன்று பேர் நேரம் தவறினால் அன்றைய கூலி போய்விடும் கட்டட வேலைக்காரர்கள். வண்டி வராது என்று முதல் நாள் இரவே தெரிந்தால் அவர்கள் வேறு வழி பார்ப்பார்கள். யாருடைய பைக்கிலாவது போவார்கள், மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டைப் பிடிப்பார்கள், ஆள் சேர்த்து ஆட்டோ பேசுவார்கள். அது தெரியாததால்தான் ஒரு மணி நேரம் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு, அதற்கப்புறம் நடக்க ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில், எந்த வண்டிக்கு ஆள் இல்லை என்பது கிளையில் டூட்டி போடும்போதே தெரிந்துவிடும். தெரிந்த தகவலை ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

நைட் ஹால்ட் வண்டி இன்னும் மோசம். இரவு கடைசியாக வந்து ஊரிலேயே தங்கி, காலையில் முதல் நடையாகப் புறப்படும் வண்டி அது. அது ஒரு ராத்திரி வராவிட்டால் அன்றைய கடைசி பஸ்ஸும் இல்லை, மறுநாளின் முதல் பஸ்ஸும் இல்லை. இரவில் வரவில்லை என்று தெரிந்த ஊர்க்காரர் காலையில் வராது என்று ஊகித்துக்கொள்வார். விருந்துக்கு வந்தவர் ஐந்து மணிக்குக் குளித்துக் கிளம்பி நிற்பார்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ‘நாளை ஓடாத நடைகள்’ என்று ஒரு செய்தி போடுங்கள். ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், நான் மேலே சொன்ன பெட்டிக்கடைக்காரர், இவர்கள் அதில் இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். செல்போனில் அதெல்லாம் பார்க்காதவருக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். கூப்பிட்டால் கிளையில் எடுக்க வேண்டும். எல்லா ஊருக்கும் சேர்த்துச் சென்னையில் ஒரு கட்டணமில்லா எண் வைத்தால் அங்கே எடுப்பவருக்கு எங்கள் ஊர் எந்தத் திசை என்றே தெரிவதில்லை. கிளையில் இருப்பவருக்கு டிரைவரின் பெயரே தெரியும்.

ஒரு வேண்டுகோள்: ரத்தான நடையை அறிவித்தால் உங்கள் குறை அம்பலமாகும் என்று தயங்காதீர்கள். ஊருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பைபாஸ் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை–திருச்சி சாலையில் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று ஒவ்வோர் ஊருக்கும் புறவழிச்சாலை இருக்கிறது. சில வண்டிகள் ஊருக்குள் போகும். சில போகாது. பகலில் போகும் வண்டியே இரவில் போகாது. போர்டில் ‘வழி: விழுப்புரம்’ என்றுதான் இருக்கும். அந்த ‘வழி’ பேருந்து நிலையமா, ஊருக்கு வெளியே இருட்டில் ஒரு மேம்பாலத்தின் அடியா என்பது ஏறி உட்கார்ந்து டிக்கெட் கேட்கும்போதுதான் தெரியும். ‘பைபாஸ்லதான் இறங்கணும்’ என்று கண்டக்டர் சொல்வார். சில சமயம் அதையும் இறங்கும்போதுதான் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு, பெட்டியோடும் தூங்கும் குழந்தையோடும் நாலுவழிச் சாலையின் ஓரத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே எதிர்ப்புறம் கடந்து, ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்து நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் யாராவது ஒருவர் ஒரு தடவை செய்து பாருங்கள். அரசு வாகனம் பின்னால் வரக் கூடாது.

வண்டி பைபாஸில் போவதை நான் எதிர்க்கவில்லை. திருச்சிக்குப் போகிறவருக்கு ஒவ்வோர் ஊருக்குள்ளும் நுழைந்து வந்தால் விடிந்துவிடும். போகட்டும். ஆனால் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். போர்டில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ‘உள்’, ‘பைபாஸ்’ என்று இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது வெறும் ஊர்ப்பெயரைக் காட்டாமல் இறக்கிவிடும் இடத்தையே காட்டுங்கள்: எந்த மேம்பாலம், எந்த டோல்கேட், பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று. ஆம்னி பஸ்காரர்கள் இறங்கும் இடத்துக்குக் கடைப் பெயரோடு அடையாளம் போடுகிறார்கள். அரசு பஸ்ஸுக்கு ஏன் முடியாது?

எந்த ஊருக்கு எந்த நிலையம் என்ற குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சென்னை, திருச்சி, நெல்லைப் பக்கம் போக மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கம் போக ஆரப்பாளையம். கோவையில் ஈரோடு, சேலத்துக்குக் காந்திபுரம்; மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர்; பொள்ளாச்சி, பாலக்காட்டுக்கு உக்கடம்; ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலை. உள்ளூர்க்காரருக்கு இது பிறப்பிலேயே தெரியும். வெளியூர்க்காரர் ஆட்டோவுக்கு இரண்டு முறை காசு கொடுத்துத் தெரிந்துகொள்கிறார். சென்னையில் கோயம்பேடு ஒன்றே என்று இருந்த காலம் போய், 2018இல் மாதவரம் வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரைத் தாண்டிக் கிளாம்பாக்கம் திறந்தது. திருச்சியில் 2025இல் பஞ்சப்பூர் வந்தது. நிலையங்களை மாற்றுவதில் தவறில்லை, நகரம் வளரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முதல் சில வாரங்கள் ஜனங்கள் பழைய இடத்தில் நின்று ஏமாறுவதுதான் தகவல் பரவும் வழியாக இருக்கிறது. பழைய நிலையத்தின் வாசலில், ரயில் நிலையத்தின் வாசலில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் இதைப் பல மாதம் முன்பே போட்டிருக்கலாம். எந்தத் திசைக்கு எந்த நிலையம் என்ற ஒரு பெரிய பலகை மதுரை ரயில் நிலையத்தின் வெளியில் இருந்தால் எத்தனை பேருக்கு ஆகும்!

இதே கதை சின்ன அளவில் எல்லா இடத்திலும் நடக்கிறது. மேம்பால வேலைக்காக நிறுத்தத்தை இருநூறு மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். பழைய நிழற்குடை அப்படியே நிற்கிறது, அதன் நிழலில் ஜனங்களும் நிற்கிறார்கள், பஸ் நிற்காமல் போகிறது. ஒரு அம்புக்குறி வரைந்த காகிதம் போதாதா?

போர்டு பற்றி. பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்த பழைய தகரப் போர்டைப் பாதித் தூரத்திலேயே படிக்க முடிந்தது. இப்போதைய எல்.இ.டி. போர்டில் எழுத்து ஓடுகிறது. தமிழில் ஊர், ஆங்கிலத்தில் ஊர், வழி, மறுபடி தமிழ். மெயின் ரோட்டு நிறுத்தத்தில் வண்டி வேகமாக நெருங்கும்போது, கை காட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சில நொடிதான் இருக்கும். அந்த நொடியில் போர்டில் ‘வழி’ ஓடிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். சேருமிடத்தை ஓடவிடாதீர்கள், நிலையாக வையுங்கள். வழியை மட்டும் கீழே ஓடவிடுங்கள். படியோரத்தில் பக்கவாட்டுப் பலகையும், பின்னால் ஒரு பலகையும் எல்லா வண்டியிலும் வேண்டும். வண்டி நின்ற பிறகு பின்வாசலை நோக்கி ஓடுகிறவர் முன்கண்ணாடியைப் பார்க்க முடியாது.

எண்ணையும் நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. நகரப் பேருந்துக்கு எண் இருக்கிறது, சென்னைக்காரர்கள் எண்ணிலேயே பேசுவார்கள். வெளியூர் வண்டிகளில் வடமாவட்டங்கள் சிலவற்றைத் தவிர எண்ணைப் பார்த்து யாரும் ஏறுவதில்லை. இலங்கையில் கொழும்பு–கண்டிக்கு 1, கொழும்பு–மாத்தறைக்கு 2, கொழும்பு–யாழ்ப்பாணத்துக்கு 87. அரசு வண்டியானாலும் தனியார் வண்டியானாலும் அந்தத் தடத்துக்கு அதே எண். மூன்று மொழியிலும் படிக்கத் தெரியாதவர்கூட 87ஐப் பார்த்து ஏறிவிடுவார். திருமங்கலம் என்றால் சென்னையிலும் உண்டு, மதுரைப் பக்கமும் உண்டு. புதுக்கோட்டை என்றால் மாவட்டத் தலைநகரும் உண்டு, தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு ஊரும் உண்டு. எண் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். படிக்காதவருக்கும் புரியும்படி சொல்ல உங்களுக்கு வராது என்று நான் நினைக்கவில்லை. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் அந்த வண்டிகளின் முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்தீர்கள். எந்தப் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. இந்த மடலில் உள்ளதிலேயே நல்ல யோசனை அதுதான், அது உங்களுடையது.

பார்வையற்றவர்களுக்கு இதெல்லாம் போதாது. அடுத்த நிறுத்தம் எது என்று குரலில் சொல்லும் வசதி சென்னையில் 2022 டிசம்பரில் சில வண்டிகளில் தொடங்கியது. அதை வெளியூர் வண்டிகளுக்கும் கொண்டு போங்கள். விளம்பரத்தின் நடுவே நிறுத்தத்தின் பெயர் வரக் கூடாது, பெயர் தெளிவாகக் கேட்டபின் விளம்பரம் வரட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருப்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நீதிமன்றம் பலமுறை நினைவூட்டிவிட்டது. கருவி வரும்வரை, நிறுத்தத்தில் வெள்ளைக் குச்சியோடு ஒருவர் நின்றால் வண்டியை நிறுத்தி ஊர்ப்பெயரைக் கூவிச் சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். மாட்டுத்தாவணியில் ‘திருச்சி திருச்சி திருச்சி’ என்று கூவும் கண்டக்டர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாகத் தரவு. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து, பஸ் நேரத்தையும் நிறுத்தங்களையும் கணினிக்குப் புரியும்படி எழுத ஒரு வடிவம் செய்தார்கள். ஜி.டி.எஃப்.எஸ். என்ற அந்த வடிவத்தை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2018இல் கொச்சி மெட்ரோ தன் தரவை அப்படித் திறந்து வைத்தது. அதே ஆண்டு டெல்லி அரசு, அங்குள்ள இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பஸ் தரவை எல்லோருக்கும் கொடுத்தது. எட்டுக் கழகங்களின் நேரங்களையும் நிறுத்தங்களையும் நீங்களும் அப்படித் திறந்து வையுங்கள். செயலியை நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. இந்த மாநிலத்தில் பொறியியல் கல்லூரிக்கும் பஸ் பிடித்துப் படிக்கப் போகும் மாணவர்களுக்கும் பஞ்சமா என்ன? ஒரு டெண்டர், ஒரு நிறுவனம், ஒப்பந்தம் முடிந்ததும் செத்துப்போகும் ஒரு செயலி என்ற சுழலிலிருந்தாவது தப்பிக்கலாம்.

தொடங்கும் இடத்தையும் சொல்கிறேன். எட்டுக் கழகங்களும் ஆளுக்கு ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்கட்டும், மாநகரக் கிளை வேண்டாம். அதன் எல்லா நிறுத்தங்களிலும் பெயரும் நேரமும் எழுதட்டும், ரத்தாகும் நடைகளை முதல் நாள் இரவே அறிவிக்கட்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் கிளையின் கண்டக்டர்களிடம் கேளுங்கள், பயணிகளோடு வாக்குவாதம் கூடியதா குறைந்ததா என்று. அவர்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பலகை எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அடியில் ஒரு மூலையில், இந்த நேரங்கள் எந்தத் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன என்று எழுதச் சொல்லுங்கள். தேதி இல்லாத பலகையை யாரும் நம்ப மாட்டார்கள், எங்கள் ஊர் நிலையத்தில் எப்போதோ எழுதிய ஒன்று அப்படித்தான் இருக்கிறது. தேதிக்குக் கீழே கிளையின் தொலைபேசி எண், ஆளுக்கு ஆள் மாறும் செல்போன் எண்ணாக இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் தினமும் போய்வரும் ஒரு பயணி